மஞ்சள் நகல்

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்
இளவேனில் புரட்டாசியில் வரும்.
பஞ்சாங்கம் ஒன்று சொல்லும், மரம் வேறு சொல்லும்;
இரண்டையும் கேட்டுக்கொள்வோம்.
கறிச்சட்டிகளைக் கழுவிக் காயவைத்து
கராஜின் மேல்தட்டில் ஏற்றியாயிற்று.
மாதம் முழுக்கப் பருப்பு, பூசணி, சுகர் பீன்ஸ்.
பக்கத்து வீட்டில் இறைச்சி சுடும் புகை வரும்போது
தனசீலன் சமையலறை ஜன்னலைச் சாத்துகிறார்,
சற்றுப் பொறுத்துத் திறக்கிறார்.

அந்த ஜன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
பதினொரு வருஷமாக அதற்குக் கொக்கி
ஒரு துண்டுக் கம்பி.
மூன்று முறுக்கு, கடைசியில் ஒரு மடிப்பு.
போன வாரம் புது அலுமினியத் தாழ்ப்பாள் போட்டோம்,
ரசீதோடு, உத்தரவாதத்தோடு.
செவ்வாய் போட்டது. வியாழன் மத்தியானம்
குரங்குகள் அதைத் திறந்து உள்ளே வந்து
சாமிக்கு வைத்த வாழைப்பழம் ஆறையும்
உட்கார்ந்து தின்றுவிட்டுப் போயின.
தோலை மட்டும் அடுப்பின் மேல் விட்டிருந்தன.
கம்பி திரும்பி வந்தது.
தாழ்ப்பாள் அதன் கீழே பளபளக்கிறது,
வேலையில்லாத மாப்பிள்ளை மாதிரி.

ஆபீஸில் என் முதுகுக்குப் பின்னால்
அந்த ஊசி பிரிண்டர்.
நான் சேர்வதற்கு முன்பே சேர்ந்தது.
அது பேச ஆரம்பித்தால் வேறு யாரும் பேச முடியாது.
வெள்ளை வாடிக்கையாளருக்கு, ரோஜா ஸ்டோருக்கு,
மஞ்சள் லாரியோடு போகும்.
ஒரே குத்தில் மூன்றும்.

டர்பனிலிருந்து தலைமை அலுவலகப் பையன் வந்தான்.
ரெவேஷன். கையில் டேப்லெட்.
"ஏன் ஆன்ட்டி, இன்னும் இது?
பணமா, பயமா?"
மேனேஜரைக் கேள் என்றேன்.
மேனேஜர் ஸ்டோரைக் கைகாட்டினார்.
ஸ்டோர் டுமிசானியைக் கைகாட்டியது.
லாரிக்கு அடியிலிருந்து
தலையை நீட்டாமலே டுமிசானி சொன்னார்:
டால்டன் பக்கம் சர்க்கரை ஆலை, இரண்டாம் கேட்.
அங்கே உட்கார்ந்திருப்பவர்
மஞ்சளைப் பார்த்தால்தான் தடுப்பைத் தூக்குவார்.

அவ்வளவுதான்.
இந்தப் பிரிண்டரை நிறுத்த வேண்டுமானால்
ஐம்பது கிலோமீட்டர் தள்ளி
ஒரு மனிதரின் வலது கையை
முதலில் மாற்ற வேண்டும்.
ரெவேஷன் டேப்லெட்டில் மேலும் கீழும் தேடினான்.
அதற்கு ஒரு கட்டம் இல்லை.

ஞாயிறு மலைக்காற்று,
ஓவன் கதவைத் திறந்தாற்போல.
கொல்லை மல்பெரி ஒரே நாளில் பழுத்துக் கொட்டியது.
கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டை ஒவ்வொன்றிலும்
கொண்டைக்குருவிகள் ஊதாவில் கையெழுத்துப் போட்டன.
திரோஷ்னி நான் கொண்டுவரும் பிரிண்டர் தாளின்
ஓரத்துத் துளைநாடாக்களைக் கிளையெல்லாம் கட்டி
"குரங்குக்கு வேலி" என்றாள்.
குரங்குகள் வேலிக்கு மேலே உட்கார்ந்து தின்றன.
நாங்கள் கீழே.

திங்கள், டிபன் டப்பாவில் மிச்சப் பழம்.
தின்றுகொண்டே தாளைக் கிழித்திருக்கிறேன்.
மூன்று மணிக்குத் தொலைபேசி.
இத்தனை வருஷத்தில் முதன்முறையாக
இரண்டாம் கேட்டின் குரல்,
மெதுவான, மரியாதையான ஆங்கிலம்:
"மஞ்சள் தாளில் ஊதா முத்திரை. புதுசா, அம்மா?"

மரம், காற்று, பழம், என் கட்டைவிரல்
எல்லாம் சொல்ல எடுக்கும் நேரத்தை யோசித்தேன்.
தடுப்புக்கு முன்னால் டுமிசானி
எஞ்சினை அணைக்காமல் காத்திருந்தார்.
"ஆமாம்" என்றேன்.
"நல்லது. இனி இது இல்லாமல் அனுப்பாதீர்கள்."

ஐப்பசி பிறந்தது.
கறிச்சட்டிகள் இறங்கின.
மரத்தில் இலை மட்டும்.
ஃப்ரீஸரில், ஆட்டுக்கறிக்குப் பக்கத்தில்,
பழைய ஐஸ்க்ரீம் டப்பா ஒன்று.
மூடியில் என் கையெழுத்து:
ஆபீஸ் சாமான். யாரும் தொடாதே.